தீர்மானத்துக்குக் கீழே ஒரு கோடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் ஞாயிற்றுக்கிழமை இதழில், இன்றைய இளைஞர்கள் கைபேசிக்குள் குடிபோய்விட்டார்கள், அரசியலைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று ஒரு வாசகர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். மறுவாரம் அதற்கு மூன்று பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். மூன்று பேரின் பெயருக்குக் கீழேயும் 'ஓய்வு' என்று இருந்தது. நானும் ஓய்வுபெற்றவன்தான். ஆனால் ஆமாம் போட எனக்கு மனம் வரவில்லை. இருபத்தெட்டு வருடம் நான் உட்கார்ந்திருந்த நாற்காலி அப்படி.

1996 உள்ளாட்சித் தேர்தல் முடிந்த கையோடு எங்கள் ஊராட்சியில் பகுதிநேர எழுத்தராகச் சேர்ந்தேன். பிறகு உதவியாளர் என்றார்கள், செயலர் என்றார்கள். பெயர்தான் மாறியது. இரும்பு பீரோவின் சாவி என் இடுப்பிலேயே இருந்தது. 2024-இல் ஓய்வு பெறுவதற்குள் ஐந்து தலைவர்களைப் பார்த்துவிட்டேன். தேர்தலே இல்லாமல் 2016 முதல் 2019 வரை ஓடிய தனி அலுவலர் காலத்தையும் பார்த்துவிட்டேன். இளைஞர்கள் எதைச் செய்தால் அலுவலகம் அசையும், எதைச் செய்தால் கொட்டாவி விடும் என்பது மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களைவிட இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவனுக்குக் கூடுதலாகத் தெரியும். கடிதம் கொஞ்சம் நீளும். இடமில்லை என்று வெட்டுவதானால் என்னை நானே குறைசொல்லிக்கொள்ளும் இடங்களை மட்டும் விட்டுவைக்கவும்.

முதலில் நான் கிராம சபை நடத்திய அழகைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரின் மக்கள்தொகை இரண்டாயிரத்து அறுநூறு சொச்சம். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் கிராம சபை செல்லுபடியாக 100 பேர் வர வேண்டும் என்பது விதி. எங்கள் ஊரில் வருவது முப்பது பேர். அதில் பத்துப் பேர் ஏதாவது மனுவோடு வந்தவர்கள். மிச்சக் கையெழுத்துகளுக்கு நான் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு மறுநாள் ஏரிக்கரைக்குப் போவேன். அங்கே நூறு நாள் வேலை நடந்துகொண்டிருக்கும். மண் படிந்த கையைப் புடவையில் துடைத்துவிட்டு வரிசையாகக் கையெழுத்துப் போடுவார்கள், கைநாட்டு வைப்பார்கள். எதற்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் அடுத்த வாரம் வேலைக்குக் கூப்பிடமாட்டார்களோ என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயம் இருப்பது எனக்கும் தெரியும்.

தீர்மானப் புத்தகம் இன்னும் விசேஷம். கூட்டம் நடக்கும்போது அதில் தேதியும் இடமும் தலைமை தாங்கியவர் பெயரும் மட்டும்தான் இருக்கும். நாலைந்து பக்கம் வெற்றாக விட்டு, அதற்கப்பால் கையெழுத்து வாங்கிவிடுவோம். தலைவர் ஓய்வாக இருக்கும் ஒரு மாலையில், தேநீர் வரவழைத்து, அந்த வெற்றுப் பக்கங்களை நான் நிரப்புவேன். 'சபை ஏகமனதாக அங்கீகரித்துத் தீர்மானிக்கிறது.' இந்த ஒரு வரியை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஊருக்குள் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் கட்சிக் கொடியைக் காட்டுவார்கள், கார் வைத்திருப்பவரைக் காட்டுவார்கள். அந்த நாலைந்து வெற்றுப் பக்கங்களை யாரும் காட்டியதில்லை.

2022 டிசம்பர் கடைசியில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட செய்தி வந்தது. உங்கள் பத்திரிகையிலும் நாள்தவறாமல் வந்தது. எங்கள் ஊர்க் காலனித் தெருப் பையன்கள் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. நம் தெரு டேங்குக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று கிளம்பினார்கள். அது பத்தாயிரம் லிட்டர் டேங்க். அடியில் தூணில் நீலப் பெயிண்ட்டில், சுத்தம் செய்த நாள், அடுத்து சுத்தம் செய்யும் நாள் என்று இரண்டு தேதிகள் எழுதியிருக்கும். மாதம் இருமுறை சுத்தம் செய்ய வேண்டும், தேதியை எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. தேதிகள் தவறாமல் மாறிக்கொண்டிருந்தன. ஆனால் ஏணியின் மேல்பகுதியில் ஆறு கம்பிகள் துருப்பிடித்து விழுந்து வெகுநாள் ஆகியிருந்தது. மனிதன் ஏற வழியே கிடையாது.

தென்னை ஏறுகிற பையன் ஒருவன் கயிறு கட்டி ஏறினான். உள்ளே ஒரு சாண் சேறு. அதில் ஒற்றை ரப்பர் செருப்பு.

அந்தச் செருப்பின் படம் ஒரு மணி நேரத்தில் ஊர் முழுக்கப் போய்விட்டது. எனக்கும் வந்தது. பிளீச்சிங் பவுடர் மூட்டைகளுக்கான பில், இருப்புப் பதிவேடு இரண்டிலும் இருப்பது என் கையெழுத்துதான். மூட்டைகளில் ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை. எங்கே போயின என்று எழுதினால் கடிதம் வேறு திசைக்குப் போய்விடும். ஆனால் வந்ததாகவும் செலவானதாகவும் எழுதியது என் பேனா. அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தவன் தண்ணீர்ச் சொம்பை எடுத்துவிட்டு அப்படியே வைத்தேன். என் வீடு ஊர்த் தெருவில் இருக்கிறது. எங்கள் டேங்க் முப்பதாயிரம் லிட்டர், ஏணி நன்றாக இருக்கிறது. இருந்தும் குடிக்க முடியவில்லை.

2023 ஜனவரி 26 கிராம சபைக்குப் பதினெட்டு பேர் திரண்டு வந்தார்கள். அதற்கு முன் அந்தத் தெருவிலிருந்து இருபத்தைந்து வயதுக்குக் கீழே ஒருவர்கூட வந்ததில்லை. செருப்பைக் குச்சியில் தொங்கவிட்டு எடுத்துவந்திருந்தார்கள். கேள்வி மேல் கேள்வி. தலைவர் பதில் சொல்லச் சொல்ல இன்னும் சத்தம். மேற்பார்வைக்கு வந்த ஒன்றிய அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். கடைசியில், இந்தச் சபையை நாங்கள் புறக்கணிக்கிறோம் என்று முழக்கமிட்டுக்கொண்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போடாமலே பதினெட்டு பேரும் வெளியேறினார்கள். கைதட்டல்கூடக் கிடைத்தது.

எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று தெரியுமா? அவர்கள் வந்ததற்கு எழுத்தில் எந்தத் தடயமும் இல்லை. அன்று மாலை தேநீர் வந்தது. குடிநீர்ப் பணிகள் திருப்திகரமாக நடப்பதைச் சபை ஏகமனதாகப் பதிவுசெய்கிறது என்று எழுதினேன். இந்த வரியை இப்போது படிக்கும்போது கூசுகிறது. எழுதும்போது கூசவில்லை. பழக்கம்.

பிப்ரவரியில் மறியல். காலை எட்டு மணி பஸ்ஸை மறித்தார்கள். பதினொரு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதிகாரி ஒருவர் வந்து ஒரு வாரத்தில் நடவடிக்கை என்றார். போலீஸார் பதினொரு பேரை ஏற்றிக்கொண்டுபோய்க் கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து, மத்தியானம் சாம்பார் சாதம் கொடுத்து, சாயங்காலம் விட்டுவிட்டார்கள். வழக்கு மட்டும் போட்டுவைத்தார்கள். அதில் ஒரு பையன் சிங்கப்பூர் போகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோது போலீஸ் விசாரணையில் இந்த வழக்கு எழுந்து நின்றது. மூன்று முறை அலைந்தான். இன்னும் உள்ளூரில் டிராக்டர்தான் ஓட்டுகிறான். போராடு போராடு என்று மேடையில் தூண்டிவிடும் பெரிய மனிதர்கள் இந்தக் கணக்கைப் பையன்களிடம் முன்கூட்டியே சொல்வதில்லை. மறியலே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏணிக் கம்பிக்கு அது கொஞ்சம் அதிகப்படியான விலை.

அப்புறம்தான் அந்தப் பெண் வந்தாள். அதே தெரு. வெளியூரில் நர்சிங் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். மறியலின்போது ஊரில் இல்லை. மார்ச் மாதம் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு வந்தது. ஒன்றிய அலுவலகத்துக்குப் போய் அங்கிருந்து எனக்குத் திருப்பிவிடப்பட்டது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பதினான்கு கேள்விகள். எல்லாமே 'ஏன்'. ஏன் டேங்க் சுத்தம் செய்யப்படவில்லை? ஏன் ஏணி பழுது பார்க்கப்படவில்லை? ஏன் எங்கள் தெருவுக்கு மட்டும் இந்த நிலை?

நியாயமான கேள்விகள். நான் ஒரே வரியில் பதில் தயார் செய்தேன்: விளக்கம் கோரும் வினாக்கள் சட்டத்தில் 'தகவல்' என்பதன் வரையறைக்குள் வரா. இந்த வரியை எங்களுக்கு யாரும் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுக்கவில்லை. அலுவலகத்துக்கு அலுவலகம் வாய்வழியாக வரும் பாட்டி வைத்தியம் இது. தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கேட்டால் எங்களுக்குக் கொண்டாட்டம். நகல் கொடு என்று கேட்டால் திண்டாட்டம்.

அடுத்த மனு ஏப்ரலில் வந்தது. அதே கையெழுத்து, இம்முறை 'ஏன்' ஒன்றுகூட இல்லை. இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை பிளீச்சிங் பவுடர் இருப்புப் பதிவேட்டின் நகல், பில்களின் நகல், டேங்க் சுத்தம் செய்த பதிவேட்டின் நகல், பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டத் தயார், தவிர இந்தப் பதிவேடுகளை நேரில் பார்வையிடவும் விரும்புகிறேன் என்று இருந்தது. பார்வையிடும் உரிமை அந்தச் சட்டத்தில் 2005-இலிருந்தே இருக்கிறது. என் பணிக்காலத்தில் அதைக் கேட்டு வந்த முதல் ஆள் அவள்தான். தலைவர் என்னைப் பார்த்தார். நான் பீரோவைப் பார்த்தேன். முப்பது நாள் கெடு ஓட ஆரம்பித்தது.

அதற்குள் மே 1 கிராம சபை வந்துவிட்டது.

அந்தச் சபைக்கு முன்னால் நடந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல வேண்டும். டேங்க்கைவிட அதுதான் பெரிய விஷயம் என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் ஊரில் கிராம சபை எப்போதும் ஊர்த் தெருக் கோயில் முன்பந்தலில்தான். வரக்கூடாது என்று காலனித் தெரு ஆட்களை யாரும் சொன்னதில்லை. வந்தவர்கள் பந்தலுக்கு வெளியே நிற்பார்கள், அவ்வளவுதான். மதச் சார்புள்ள வளாகங்களில் கிராம சபை நடத்தக்கூடாது, குக்கிராமங்களுக்குச் சுழற்சி முறையில் இடம் மாற்ற வேண்டும் என்று மேலிருந்து சுற்றறிக்கை வரும். நான் கோப்பில் போட்டு முடிச்சுப் போடுவேன். இவர்கள் எப்படியோ அதன் நகலைப் பிடித்துவிட்டார்கள். தலைவரிடம் கொண்டுபோய் வைத்தார்கள். சத்தம் இல்லை, செருப்பு இல்லை. வேறு வழியில்லாமல் மே 1 கூட்டம் காலனித் தெருவை ஒட்டிய தொடக்கப் பள்ளிக்கு மாற்றப்பட்டது. அன்று நூற்று நாற்பது பேருக்குமேல் வந்தார்கள். ஏரிக்கரைக்குப் போகாமலே எனக்கு வருகை நிறைந்த நாள் அது ஒன்றுதான். பாட்டிகள் பள்ளிக்கூட பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வரவு செலவு வாசித்தோம். பேசினோம். தலைவர், சரி, எல்லாரும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள், வெயில் ஏறுகிறது என்றார். வழக்கம்போலப் புத்தகத்தை வெற்றுப் பக்கங்களுக்கு அப்பால் விரித்து வைத்தேன். அந்தப் பெண் எழுந்து மேசைக்கு வந்தாள்.

"சார், கையெழுத்து அப்புறம் போடுகிறோம். தீர்மானத்தை முதலில் எழுதிவிடுங்கள்."

"எழுதிக்கொள்ளலாம்மா. கூட்டம் முடியட்டும்."

"கூட்டம் முடிந்த பிறகு எழுதினால், என்ன நடந்தது என்று உங்களுக்கு மட்டும்தானே சார் தெரியும்?"

யாரோ சிரித்தார்கள். பாட்டி ஒருத்தி, அதுதானே, என்றாள். அந்தத் தெருவின் பெரியவர்கள் என்னை ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். சிலர் இன்னமும் எழுந்து நின்றுகொண்டு பேசுவார்கள். இவள் சார் என்றாள். பஸ் கண்டக்டரை, பேங்க் மேனேஜரைக் கூப்பிடுகிற அதே சார். குரலில் மரியாதைக் குறைவும் இல்லை, பயமும் இல்லை. அந்த வயதில் ஊர்த் தெருப் பையன் வந்தால் நான் 'வாங்க தம்பி' என்பவன், இவளை 'வாம்மா, உனக்கு என்ன' என்றுதான் அதுவரை கேட்டிருக்கிறேன் என்பது அந்த நொடியில் உறைத்தது.

எழுத ஆரம்பித்தேன். ஒவ்வொரு தீர்மானத்தையும் எழுதிவிட்டு உரக்கப் படிக்கச் சொன்னார்கள். ஏணி மாற்றுவது. டேங்க் சுத்தம் செய்வது. சுத்தம் செய்யும் நாளில் அந்தத் தெருவைச் சேர்ந்த இரண்டு பேர் பதிவேட்டில் கையெழுத்திடுவது. இப்படிப் பதினொரு தீர்மானம். ஒன்றரை மணி நேரம். கை கடுத்தது. என் எழுத்தை ஊர் முதன்முறையாகப் பக்கத்தில் நின்று பார்த்தது. 'ஏகமனதாக' என்று பழக்கதோஷத்தில் ஓர் இடத்தில் எழுதப்போக, இதற்கு இரண்டு பேர் எதிர்ப்பு சொன்னார்களே சார் என்று ஒரு பையன் நினைவுபடுத்தினான். அடித்துத் திருத்தினேன்.

பதினோராவது தீர்மானம் முடிந்ததும் அவள் மறுபடி குனிந்து பார்த்தாள். "கீழே ஒரு கோடு போட்டுவிடுங்கள் சார். மிச்ச இடத்தையும் குறுக்கே அடித்துவிடுங்கள்."

எதற்கு என்று கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை.

"எங்கள் வார்டில் நோயாளியின் குறிப்பேட்டில் காலி இடம் விட்டால் சிஸ்டர் திட்டுவார்கள். பின்னால் யாராவது எதையாவது சேர்த்துவிடுவார்களாம்."

கோடு போட்டேன். இருபத்தேழு வருடத்தில் முதல் கோடு. அதற்கப்புறம் கையெழுத்து. கடைசியில் ஒரு காரியம் செய்தார்கள், அதைத்தான் அந்த வாசகருக்கு நான் சொல்ல விரும்புவது. நாற்பது ஐம்பது பேர் வரிசையாக வந்து, அந்தப் பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு எழுத்தைக்கூட இனி நான் மாற்ற முடியாது. பீரோவின் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. என்ன பயன்?

ஜூன் கடைசியில் ஏணி வந்தது. டேங்க் கழுவப்பட்டது. பதிவேட்டு நகல்களை அதற்கு முன்பே கொடுத்திருந்தோம். கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது. நகலைப் பார்த்து அரண்டுபோன தலைவர், பழியைத் தூக்கி டேங்க் ஆபரேட்டர் மேல் போட்டு அவரை நிறுத்தப் பார்த்தார். சொற்பச் சம்பளம் வாங்குகிறவர், ஏணி இல்லை என்று என்னிடம் நாலு முறையாவது வாய்விட்டுச் சொன்னவர். அவரை நிறுத்தினால் அடுத்த மனு அதைப் பற்றித்தான் இருக்கும் என்று பையன்கள் சொல்லிவிட்டார்கள். அவர் வேலையில் நீடித்தார். என்னைப் பற்றி அவர்கள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

எல்லாம் நடந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பதினொன்றில் நான்குதான் நிறைவேறியது. சுடுகாட்டுப் பாதை இன்னும் முள்ளுக்குள் கிடக்கிறது. அதற்குப் போட்ட இன்னொரு தகவல் மனு முதல் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு என்று தகவல் ஆணையம் வரை போய் ஒரு வருடத்துக்குமேல் தூங்கியது. பதினெட்டு பேரில் பலர் திருப்பூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போய்விட்டார்கள். ஒரு கட்டத்தில் நான்கு பேர்தான் மிச்சம்.

மெரினாவைப் பார்த்த தலைமுறை இது என்பார்கள். 2017 ஜனவரி 17-ஆம் தேதி கூடினார்கள், 23-ஆம் தேதி சட்டப்பேரவையில் ஜல்லிக்கட்டு மசோதா நிறைவேறியது. ஒரு வாரம். என் தங்கை மகனும் போயிருந்தான், சளியோடு திரும்பி வந்தான், முகம் மட்டும் ஜொலித்தது. அதைக் குறைத்துப் பேச நான் யார்? ஆனால் அங்கே கோரிக்கை ஒன்று, அதை நிறைவேற்றக் கையெழுத்துப் போட வேண்டிய இடமும் தெளிவு, நாடே பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் ஏணிக்கு ஆறு மாதம் ஆனது. நாட்டில் பெரும்பாலான அநியாயங்கள் ஏணி வகையைச் சேர்ந்தவை. தொலைக்காட்சிக்காரர்கள் வரமாட்டார்கள்.

இன்னொரு கூட்டம் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பேசும். நான் பிறந்ததே 1964-இல். மாணவர் தலைவர் ஒருவர் 1967-இல் விருதுநகரில் காமராஜரை 1,285 வாக்குகளில் தோற்கடித்த கதையைத் தேநீர்க் கடையில் கண்ணால் பார்த்ததுபோல் சொல்கிறவர்களில் பாதிப் பேர் அப்போது அரை நிஜார் போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். உத்திரமேரூர் குடவோலையைச் சொல்லி மயிர்க்கூச்செறிபவர்களும் உண்டு. கணக்குக் காட்டாதவர் மீண்டும் நிற்கக்கூடாது என்று அந்தக் கல்வெட்டில் இருப்பது உண்மை, எனக்கும் அது உறைக்கிற இடம்தான். ஆனால் முப்பத்தைந்து வயது ஆகாதவர்களுக்கு அதில் இடமே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா?

கிராம சபைத் தீர்மானம் ஒன்றும் மந்திரக்கோல் இல்லை. விமான நிலையம் வேண்டாம் என்று பரந்தூர் பக்கத்தில் ஏகனாபுரம் மக்கள் எத்தனை தீர்மானம் போட்டார்கள். திட்டம் கைவிடப்படவில்லை. மேலூர் பக்கம் வேறு கதை. டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று அரிட்டாபட்டி வட்டார ஊர்கள் 2024 நவம்பர் கிராம சபைகளில் தீர்மானம் போட்டன, டிசம்பர் 9-ஆம் தேதி சட்டப்பேரவையே தீர்மானம் போட்டது, ஜனவரி 7-ஆம் தேதி மக்கள் மதுரையை நோக்கி நடந்தார்கள், அதே மாதம் 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. காகிதம் மட்டும் போதுமா, கால் மட்டும் போதுமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அங்கே இரண்டும் சேர்ந்து போயின.

நான் கையாண்ட இன்னொரு தந்திரத்தையும் சொல்லிவிடுகிறேன், இனி அது எனக்குத் தேவையில்லை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் கிராம சபை உறுப்பினர். அதிகம் கேள்வி கேட்கும் பையன் வந்தால் பட்டியலைப் புரட்டுவேன். பதினெட்டு முடிந்து இரண்டு வருடம் ஆகியும் பெயர் சேர்க்காமல் இருப்பான். "தம்பி, முதலில் பெயரைச் சேர்த்துவிட்டு வா, அப்புறம் பேசலாம்." முகம் தொங்கிப் போய்விடுவான். இப்போது ஜனவரி 1 என்ற ஒரே தேதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளையும் தகுதி நாளாக்கிவிட்டார்கள். பதினேழு வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் ஓட்டையும் அங்கே மாற்றிக்கொள்வதா என்பதை யோசித்துச் செய்யுங்கள். மாற்றினால் ஊர் சபையில் உங்களுக்கு இடம் இல்லை.

வரமுடியவில்லை, லீவு இல்லை என்பார்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபை. அதில் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் பிற்பாடு சேர்த்தவை. பழைய நான்கு நாட்கள் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. தமிழ்நாட்டில் தொழில் நிறுவனங்கள் சம்பளத்தோடு கட்டாயம் விடுமுறை விட வேண்டும் என்று 1958-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் தேசிய விடுமுறை நாட்களும் இதே நான்குதான். கூட்டத் தேதி சில சமயம் தள்ளிப்போகும், அது வேறு. வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளமோ மாற்று விடுப்போ தர வேண்டும். பையன்கள் பலர் இரட்டைச் சம்பளத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கடன் இருக்கும், குறை சொல்லமாட்டேன். நான்கில் ஒரு நாளாவது ராத்திரி பஸ் பிடித்து வாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்காக ஏரிக்கரையில் யாரோ கைநாட்டு வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் எங்கள் மாவட்டத்திலும் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, மறுபடி தனி அலுவலர் காலம் வந்தது. தலைவர் இல்லையே, யாரிடம் கேட்பது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கேட்க வேண்டிய நேரமே அதுதான், ஓட்டுப் போட்ட ஊருக்குப் பயப்பட அங்கே ஆள் இல்லை. அந்தப் பெண் படிப்பை முடித்து ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். 21 வயது ஆகிவிட்டது, உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாம், பாதி இடம் பெண்களுக்குத்தான் என்று பாட்டிகள் பேசிக்கொள்கிறார்கள். அவளிடம் கேட்டேன். "நைட் டியூட்டிக்கு ஆள் இல்லை சார்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

கடந்த ஆகஸ்ட் 15-ஆம் தேதி கிராம சபைக்கு நான் சாதாரண உறுப்பினராகப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பது விநோதமாக இருந்தது. புதிய செயலர் நல்ல பையன், கணினி தெரிந்தவன். கூட்டம் முடிந்ததும் பெரியவர் என்பதால் முதல் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டான். பேனாவைக் கையில் கொடுத்தான். புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன். நான்கு பக்கம் வெற்றாக இருந்தது.

பேனாவை மூடி மேசையில் வைத்தேன். "எழுதிவிடு தம்பி, பிறகு போடுகிறேன்" என்றேன். "சார், நீங்களுமா?" என்றான் பரிதாபமாக. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற, நான் பார்த்தறியாத, கம்பெனிச் சட்டை போட்ட ஒரு பையன் குனிந்து புத்தகத்தை எட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து எனக்குப் போட்டான். "உட்காருங்கள் சார். ஒரு மணி நேரமாவது ஆகும்."

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என்னை மறைப்பதற்காக இல்லை. ஊர் தெரிந்தால் அந்தப் பெண் யார் என்று தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஊராட்சிச் செயலர் ஒருவர்,
தென்பெண்ணைக் கரை